கித்தான் காலணி

மேலே துணி, கீழே ரப்பர், நடுவே ஒரு கயிறு. நாம் பள்ளிக்கு அணிந்து செல்லும் காலணியின் அமைப்பு அவ்வளவுதான். விலை உயர்ந்த விளையாட்டுக் காலணிகளுக்கு அருகில் வைத்தால், அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆயினும், நம் நாட்டில் பலருடைய கால்கள் முதன்முதலில் பழகிய காலணி அதுதான். அந்தத் தடித்த துணிக்குக் கித்தான் என்று பெயர். தோட்டப்புறத்துப் பெரியவர்கள் ரப்பரைக் ‘கித்தா’ என்பார்கள். அது மலாய்மொழி தந்த சொல். “மேலே கித்தான், கீழே கித்தா” என்று என் பாட்டி வேடிக்கையாகச் சொல்வார்.

ஆங்கிலத்தில் இக்காலணிக்குப் ‘பிளிம்சோல்’ என்று ஒரு பெயர் உண்டு. சாமுவேல் பிளிம்சோல் என்பவர் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். அக்காலத்தில் கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றியதால் கப்பல்கள் மூழ்கி, மாலுமிகள் பலர் உயிரிழந்தனர். அவருடைய விடாமுயற்சியால் 1876ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு கப்பலின் பக்கத்திலும் ஒரு கோடு வரைய வேண்டும். அந்தக் கோடு நீரில் மூழ்கும் அளவுக்குச் சரக்கு ஏற்றக்கூடாது. கித்தான் காலணியில் துணியும் ரப்பரும் சேரும் இடத்திலும் அப்படி ஒரு கோடு தெரிகிறது. தண்ணீர் அதற்கு மேலே ஏறினால் கால் நனைந்துவிடும். இந்த ஒற்றுமையால்தான் அப்பெயர் வந்தது என்பர்.

ரப்பரின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839ஆம் ஆண்டு சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிபெறும் என்று கண்டறிந்தார். 1877ஆம் ஆண்டு 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. அவற்றுள் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர், காடாக இருந்த நிலங்கள் ரப்பர்த் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் அல்லும் பகலும் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். உலகின் பல ஊர்களில் மக்கள் அணிந்த காலணிகளுக்கு அவர்கள் சீவிய மரங்களே பால் கொடுத்தன. ஆனால், அவர்களுள் பலர் வெறுங்காலுடன் நடந்தார்கள்.

என் அம்மாவும் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் மரம் சீவியவர்தான். விடியும் முன்பே எழுந்து, பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, உளியும் வாளியுமாகத் தமது நிரைக்குச் செல்வார். எங்கள் தோட்டம் மேடுபள்ளமானது. மழை பெய்த மறுநாள் சரிவில் கால் வழுக்கும். காய்ந்த சருகுகளுக்கு அடியில் கூரான குச்சி கிடக்கும். ஈரமான இடங்களில் அட்டை ஏறும். அங்கே காலணி என்பது அழகுப் பொருளன்று. அன்றைய கூலியைக் காக்கும் கருவி. காலில் காயம் பட்டால் வேலைக்குப் போக முடியாது.

எங்கள் வீட்டில் ஆண்டுக்கு ஒரு சோடி பள்ளிக் காலணிதான் வாங்க முடியும். ஆகவே, அதைத் தேர்ந்தெடுப்பதில் அம்மா கண்ணும் கருத்துமாக இருப்பார். கடைக்கு மாலையில்தான் அழைத்துச் செல்வார். நாள் முழுவதும் நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் பொருந்தும் காலணி மாலையில் இறுக்கும். பள்ளிக்குப் போடும் காலுறையையும் கையோடு எடுத்து வரச் சொல்வார். இரண்டு காலிலும் போட்டு எழுந்து நிற்க வேண்டும். பெரும்பாலோருக்கு ஒரு கால் மற்றதைவிடச் சற்றே பெரிதாக இருக்கும்; பெரிய காலுக்கே அளவு பார்க்க வேண்டும். அம்மா குனிந்து, என் விரல் நுனிக்கு முன்னால் தம் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்ப்பார்.

“அடுத்த வருசத்துக்கும் ஆகட்டும், இன்னும் ரெண்டு அளவு பெரிசா எடுத்துக்குங்க அக்கா” என்று கடைக்காரர் ஒருமுறை சொன்னார்.

“அடுத்த வருசத்தை அப்புறம் பார்க்கலாம் தம்பி. இந்த வருசம் பிள்ளை விழாம நடக்கணும்” என்றார் அம்மா.

அம்மா சொன்னது சரியே. தொளதொளவென்று இருக்கும் காலணியில் குதிகால் உராய்ந்து கொப்புளம் வரும். படிக்கட்டில் கால் தடுக்கும். இதற்கு நேர்மாறான தவற்றையும் மாணவிகள் சிலர் செய்வதைப் பார்க்கிறேன். கால் சிறியதாகத் தெரிய வேண்டும் என்று முன்பக்கம் குறுகிய காலணியை வாங்கி, விரல்களை நெருக்கிக்கொள்கிறார்கள். வளரும் எலும்பை நாள்தோறும் எட்டு மணி நேரம் நெருக்குவது நல்லதன்று. மேலும், கித்தான் காலணியின் அடிப்பகுதி தட்டையானது. பள்ளிக்கு நடந்து செல்ல அது போதும். நெடுந்தொலைவு ஓடுவதற்கு ஓட்டக் காலணியே ஏற்றது.

வாங்கிய காலணியைப் பராமரிப்பது என் பொறுப்பு. அதற்கும் அம்மாவிடம் முறை இருந்தது. முதலில் கயிற்றைக் கழற்ற வேண்டும். சேறு இருந்தால் காயவிட்டு உதிர்க்க வேண்டும். ஈரச் சேற்றைத் தேய்த்தால் கறை துணிக்குள் இறங்கிவிடும். பிறகு, பழைய பல்துலக்கியில் கொஞ்சம் சவர்க்காரம் தொட்டுத் தேய்க்க வேண்டும். நெடுநேரம் ஊறவைத்தால் ஒட்டிய இடம் விட்டுவிடும். சவர்க்காரம் துளியும் தங்காமல் அலச வேண்டும். தங்கினால் வெள்ளைத் துணி மஞ்சளாகிவிடும். ஈரக் காலணியின் மேல் மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டி, காற்றோட்டமான நிழலில் காயவைப்போம். மஞ்சள் கறை துணியில் படாமல் தாளில் படியும். கடும் வெயிலில் காய்ந்தால் ரப்பர் விறைத்து வெடிக்கும். காய்ந்தபின் வெள்ளைப் பூச்சு.

நான் படிவம் ஒன்றில் படித்தபோது என் கால் அம்மாவின் காலைவிடப் பெரிதாகிவிட்டது. எனக்குச் சிறியதாகிப்போன காலணியை அம்மா ஒரு நாள் எடுத்துப் போட்டுப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. மறுநாள் அதை அணிந்துகொண்டே தோட்டத்திற்குப் போனார். அதன்பிறகு ஒவ்வோர் ஆண்டும் எனக்குப் புதிய காலணி; அம்மாவுக்கு என் பழைய காலணி. பெரிதாக இருந்தால், தடித்த காலுறை ஒன்றைக் கூடுதலாகப் போட்டுக்கொள்வார்.

அன்று முதல் நான் காலணியைத் துவைத்த விதமே மாறியது. முன்பு திங்கட்கிழமைச் சபைகூடலுக்காக வெண்மையைப் பார்த்தேன். அதன்பின் அடிப்பகுதியைப் பார்த்தேன். பின்பக்கத்தை மிதித்துச் செருப்பைப்போல் அணியவில்லை. தரையில் காலைத் தேய்த்து நடக்கவில்லை. அதன் வரிகள் தேய்ந்தால் வழுக்கப்போவது என் கால் அன்று. சரிவில் வாளியோடு இறங்கும் அம்மாவின் கால்.

இன்று மலேசியப் பள்ளிகளில் வெள்ளைக் காலணி மறைந்து, கறுப்புக் காலணி வந்துவிட்டது. 2018இல் அறிவிக்கப்பட்ட அம்மாற்றம் 2019 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. வெள்ளைப் பூச்சின் வேலை குறைந்திருக்கிறது, பராமரிப்பு குறையவில்லை. கறுப்புத் துணி வெயிலில் வெளுக்கும். உள்ளே தங்கும் வியர்வை நாறும். கறை தெரியவில்லை என்பதற்காக அழுக்கு இல்லை என்று ஆகிவிடாது.

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது பழமொழி. பிறர் பார்வைக்காகச் சொன்னது என்று சிறு வயதில் எண்ணியிருந்தேன். ஒரு பொருள் நம்மிடம் வருவதற்கு முன்பு அதில் யாருடைய உழைப்போ இருக்கிறது. நம்மைவிட்டுப் போன பின்பும் அது யாருக்கோ பயன்படக்கூடும். மாணவர்களே, உங்கள் காலணி சிறியதாகிப் போனால் தூக்கி எறியாதீர்கள். நன்றாகத் துவைத்துக் காயவைத்து, கயிற்றைக் கோத்து, அது பொருந்தும் கால் ஒன்றைத் தேடிப் பாருங்கள். அது உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.