மோட்டார் மேல் ஒரு மச்சு

நீலகிரிக்குப் போகிறவர்கள் சாதாரணமாகச் சித்திரை வைகாசியில்தான் போவார்கள். அப்போது அங்கே புஷ்பக் கண்காட்சி உண்டு. ஜனக் கூட்டமும் உண்டு. தை மாதத்தில் வந்து இறங்குகிறவர்களை மலைவாசிகள் கொஞ்சம் பரிதாபத்துடன் பார்க்கிறார்கள். பொங்கல் விடுமுறையில் போன எங்களையும் அப்படித்தான் பார்த்தார்கள். அதிலும், ஹோட்டலில் அறை எடுக்காமல் மோட்டாரின் கூரைமேல் கூடாரம் போட்டுப் படுக்கப் போகிறோம் என்று தெரிந்ததும், அந்தப் பார்வையில் பரிதாபம் போய் வேறு ஏதோ வந்துவிட்டது.

யோசனை என்னுடையதல்ல, என் மைத்துனனுடையது. அவனுடைய ஜீப்பின் தலைமேல் பெட்டிபோல் மடிந்து கிடக்கும் ஒரு வஸ்து உண்டு. உறையை நீக்கி ஏணியைப் பிடித்து இழுத்தால், புத்தகம் திறப்பதுபோல் அது விரிந்து கூடாரமாகிவிடும். உள்ளே மெத்தை தயாராக இருக்கும். அடிப்பலகையின் ஒரு பாதி வண்டியின் கூரைமேல் உட்கார்ந்திருக்கும். மறு பாதி அந்தரத்தில், ஏணியையே ஊன்றுகோலாகக் கொண்டு நிற்கும். மேல்நாட்டாருக்கு இது புதிதல்ல. முன்பு கிழக்கு ஜெர்மனி என்ற ஒரு தேசம் இருந்த காலத்தில், டிரபண்ட் என்னும் சின்னஞ்சிறு காரின் உச்சியில்கூட அங்குள்ள ஜனங்கள் இப்படிக் கூடாரம் கட்டிக்கொண்டு விடுமுறைக்குப் புறப்பட்டார்கள்.

காட்டில் கூடாரம் போட வனத்துறையார் அநுமதிப்பதில்லை. அநுமதித்தாலும் காட்டெருமைகளின் அநுமதி வேறு வேண்டும். ஆகையால் நஞ்சநாட்டுப் பக்கத்தில், என் பழைய மாணவன் ஒருவனுடைய தகப்பனாரின் காரட்டுத் தோட்டத்து ஓரத்தில் ஜீப்பை நிறுத்தினோம். அவர் படகர் இனத்துப் பெரியவர். எழுபது வயதுக்கு மேலிருக்கும். "வீட்டில் இடம் இருக்கிறதே, வாத்தியாரய்யா!" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். என் மனைவி முதல் தடவையிலேயே ஒப்புக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மைத்துனனும் நானும் என் பன்னிரண்டு வயதுப் பெண்ணும் ஏணியில் ஏறினோம்.

அன்று இரவு நாங்கள் பட்ட பாட்டை என்னென்று சொல்வது! பத்து மணிவரையில் வானத்து நட்சத்திரங்களைப் புகழ்ந்துகொண்டிருந்தோம். பன்னிரண்டு மணிக்குப் பேச்சு நின்றது. இரண்டு மணிக்கு, "அப்பா, முதுகுக்குக் கீழே யாரோ பனிக்கட்டியை வைத்திருக்கிறார்கள்" என்றாள் பெண். என்னுடைய போர்வையையும் எடுத்து அவள்மேல் போட்டேன். பயனில்லை. அவளுடைய பற்கள் தந்தி அடித்துக்கொண்டிருந்தன.

நாலு போர்வை போர்த்தும் குளிர் போகாததற்குக் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. கம்பளி நமக்குச் சூடு கொடுப்பதில்லை. தன் இழைகளுக்கிடையே காற்றை அசையாமல் பிடித்து வைத்து, நம் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. அசையாத காற்றுத்தான் உண்மையான போர்வை. முதுகுக்கு அடியில் போட்டதையோ நம்முடைய உடம்பின் பாரமே நசுக்கிக் காற்றை வெளியேற்றிவிடுகிறது. அதற்கும் கீழே இரண்டு அங்குல மெத்தை. அதற்குக் கீழே அலுமினியத் தகடு. நம் வீடுகளில் அலுமினியப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து துணியில்லாமல் இறக்க முயன்றவர்களுக்கு அந்த உலோகத்தின் குணம் தெரியும். அசையாத காற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகமாக அது சூட்டைக் கடத்துகிறது. அந்தரத்துப் பாதியிலோ, தகட்டின் அடிவயிற்றை ஊதல் காற்று இரவு முழுவதும் தடவிக்கொண்டே போகிறது. என் பெண்ணை அந்தப் பாதியில்தான் படுக்க வைத்திருந்தேன். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு வெப்பக் கடத்தல் பாடம் நடத்தி வந்தவன் நான்!

அப்போது மைத்துனனுக்கு ஒரு யோசனை தோன்றியது. பெரியவர் வீட்டுத் திண்ணையில் குமுட்டி அடுப்பு ஒன்று இருந்தது. அதில் கரி இன்னும் கனன்றுகொண்டிருந்தது. கீழே இறங்கி அதைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒரு கையில் அடுப்புடன் ஏணியில் கால் வைத்தபோது, இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, அதைக் கீழே வை."

பெரியவர் கம்பளியைப் போர்த்துக்கொண்டு கையில் டார்ச்சு விளக்குடன் நின்றார்.

"புகையே இல்லை ஐயா, வெறும் தணல்தான்" என்றான் மைத்துனன்.

"புகை இருந்தால் இருமிக்கொண்டு விழித்துக்கொள்வீர்கள். புகை இல்லாததுதான் ஆளைக் கொண்டு போய்விடும். குழந்தையை இறக்குங்கள், எல்லோரும் உள்ளே வாருங்கள்."

அவர் சொன்னது வெறும் கிழவர் பயமல்ல. தணலிலிருந்து கிளம்பும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக அது இரத்தத்தைப் பற்றிக்கொள்கிறது. தூங்குகிறவன் தூக்கத்திலேயே நினைவிழக்கிறான். குளிருக்காக அறைக்குள் கரியை மூட்டிக்கொண்டு படுத்தவர்கள் விடியலில் எழுந்திருக்கவில்லை என்று மலைப் பிரதேசங்களிலிருந்து பத்திரிகையில் செய்தி வருகிறது. நாமும் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அன்று அந்தக் குமுட்டி இன்னும் நாலு படி மேலே ஏறியிருந்தால், எங்களைப் பற்றியும் யாராவது படித்திருப்பார்கள். அதை நினைத்து, வீட்டுக்குள் வந்த பிறகும் எனக்கு நெடுநேரம் நடுக்கம் நிற்கவில்லை.

விடிந்ததும் வெளியே வந்து பார்த்தால், பள்ளத்துப் புல்வெளி முழுவதும் உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்திருந்தது. உறைபனி! மேகமற்ற, காற்று அடங்கிய இரவில் பூமி தன் சூட்டை ஆகாயத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. சரிவில் சற்று மேலே எங்கள் ஜீப் நின்ற இடத்தில் பனி குறைவு. தரையை ஒட்டிய காற்றைவிட ஆறடி உயரத்துக் காற்று அந்த நேரத்தில் சற்று வெதுவெதுப்பாகவே இருக்கும் என்பதும் உண்மை. மச்சில் ஏறிய எங்களுக்கு அந்த லாபம் கிடைத்தது. ஆனால் பகலெல்லாம் வெயிலில் காய்ந்த மண்ணின் கதகதப்பை இழந்துவிட்டோம்.

அன்று பகலில் உதகைக்குப் போனோம். அங்கே தாவரவியல் பூங்காவில், பனியில் கருகாமல் இருப்பதற்காக மலர்ச் செடிகளின்மேல் மிலார்ச் செடியின் கிளைகளைக் கவிழ்த்து மூடுவது வழக்கம். செடிக்கும் அதே வைத்தியந்தான்: அசையாத காற்று. பூங்காவுக்கு மேலே தோடர்களின் மந்து ஒன்று இருக்கிறது. தோடர்களில் பெரும்பாலோர் இப்போது நம்மைப்போலக் காரை வீடுகளில் வசிக்கிறார்கள். ஆயினும் பழைய முறையில் கட்டிய குடிலை அங்கே காணலாம். பீப்பாயை நீளவாக்கில் பிளந்து கவிழ்த்ததுபோன்ற வடிவம். மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டி, அதன்மேல் புல்லைக் கனமாக வேய்ந்திருக்கிறார்கள். ஜன்னல் கிடையாது. வாசல் மூன்றடி உயரம்; தவழ்ந்துதான் போக வேண்டும். படுப்பதற்கு மண் திண்ணை. காற்று புக அதன் கீழே வழி இல்லை. உள்ளே அடுப்பும் உண்டே என்று மைத்துனன் கேட்டான். உண்டு, ஆனால் அந்தப் புல் கூரை முழுவதும் மூச்சு விடுகிறது, புகை அதன் வழியே கசிந்து போகிறது. நம்முடைய கூடாரத் துணி மெழுகு பூசியதுபோல் அடைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றாகாது.

திரும்பும்போது கடைத்தெருவில் ஒரு தென்னை நார்ப் பாயும், யோகாசனம் பழகுகிறவர்களுக்கு விற்கும் நுரைப் பாய் மூன்றும், கதர்க் கடையில் முரட்டுக் கம்பளி இரண்டும் வாங்கினோம். இதற்கென்றே அந்நிய தேசத்திலிருந்து விசேஷ விரிப்புகள் வருகின்றனவாம். மைத்துனன் விலையைச் சொன்னான். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் மாலை முதற்காரியமாக, அந்தரத்துப் பாதியின் மூன்று பக்கமும் தார்ப்பாயைப் பாவாடைபோல் தரைவரையில் தொங்கவிட்டு ஓரங்களில் கல் வைத்தோம். ஊதல் காற்று நின்றது. மண்ணின் கதகதப்பும் கொஞ்சம் உள்ளே தங்கிற்று. பிறகு மெத்தையைத் தூக்கி, அலுமினியத் தகட்டின்மேல் நார்ப் பாயை விரித்தோம். இது குளிருக்காக அல்ல, ஈரத்துக்காக. ஓர் ஆள் இரவில் விடும் மூச்சிலேயே ஏறக்குறைய ஒரு டம்ளர் ஜலம் ஆவியாகப் போகிறது. அது குளிர்ந்த தகட்டில் பட்டு வியர்த்து, மெத்தையின் அடிப்பக்கத்தை நனைத்து, நாளடைவில் பூஞ்சணம் பிடிக்கச் செய்கிறது. நார்ப் பாயின் இடுக்குகள் மெத்தையைத் தகட்டிலிருந்து விலக்கி வைக்கும். மெத்தைக்கு மேலே நுரைப் பாய். அதன் கண்ணறைகள் ஒவ்வொன்றும் மூடியவை, ஆகையால் உடம்பின் பாரத்தில் அதிகம் நசுங்குவதில்லை. அதன்மேல் ஒரு கம்பளி, பிறகு ஆள், ஆளுக்குமேல் மீதிப் போர்வைகள். கீழே மூன்று பங்கு போட்டால் மேலே இரண்டு போதும் என்று கண்டோம். படுக்குமுன் பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிக் காலடியில் வைத்ததும் நல்ல உபகாரமாயிருந்தது.

ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். கூடாரத்தின் இரண்டு கோடியிலும் காற்றுப்போக்குத் துவாரங்கள் இருந்தன. மூடிவிடலாம் என்றான் மைத்துனன். நான் மறுத்துவிட்டேன். நாலு விரற்கடை திறந்தே வைத்தோம். முதல்நாள் இரவு கூரைத் துணியிலிருந்து மூக்கின்மேல் சொட்டிய ஜலம் அன்று சொட்டவில்லை. பெண் ஒன்பது மணிக்குத் தூங்கியவள் காலை ஏழு மணிவரையில் புரளக்கூட இல்லை. ஜீப்பின் வெப்பமானி விடியற்காலையில் 2 டிகிரி காட்டிற்று.

பெரியவர் காப்பியுடன் வந்தார். ஏணியில் இரண்டு படி ஏறி, மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். நார்ப் பாய் ஈரமாயிருந்தது; மெத்தை உலர்ந்திருந்தது.

"பாயை வெயிலில் போடுங்கள், வாத்தியாரய்யா, ராத்திரிக்கு வேண்டுமே" என்றார்.

எங்களுக்கோ அன்று மத்தியானமே மலையிறங்க வேண்டியிருந்தது, மறுநாள் பள்ளிக்கூடம். பெண் மட்டும் பாயைத் தூக்கிக்கொண்டு போய் வேலிமேல் காயப் போட்டாள்.