ஐந்தாவது ஆளின் இடம்

ஆகஸ்ட் 4

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை. வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே இலையுதிர்கால விளையாட்டுகளுக்குப் பயிற்சி தொடங்கிவிடுகிறது. வாலிபாலுக்கும் சாக்கருக்கும் முதல் வாரத்திலேயே ஆள் எடுப்பார்கள். பன்னிரண்டு இடத்துக்கு நாற்பது பேர் வந்தால் இருபத்தெட்டுப் பேர் திரும்பிப் போக வேண்டியதுதான். அப்படித் திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் எட்டு வயதிலிருந்தே கிளப்பில் காசு கட்டி ஆடிய பிள்ளைகளோடு மோத வேண்டியிருந்தவர்கள். பதினான்கு வயதில் முதல்முறையாகப் பந்தைத் தொடுபவருக்கு அங்கே இடமில்லை. புல்வெளியிலும் மண்பாதையிலும் ஓடும் கிராஸ் கன்ட்ரி என்கிற ஓட்டம் மட்டும் பெரும்பாலான பள்ளிகளில் இந்தக் கழித்துக்கட்டலைச் செய்வதில்லை. பெயர் கொடுத்தவர்கள், மருத்துவர் கையெழுத்துப் போட்ட படிவத்தோடு வந்தவர்கள், தினமும் பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் டீமில் இருக்கிறார்கள். வருடத்துக்கு நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க மாணவ மாணவியர் இதில் ஓடுகிறார்கள் என்றால் அதற்கு முக்கியக் காரணம் இந்தத் திறந்த கதவுதான். இந்தக் கதவைப் பலரும் ஒரு கருணை என்று நினைக்கிறார்கள், வேகமில்லாத பிள்ளைகளுக்கு ஒரு ஆறுதல் ஏற்பாடு என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த விளையாட்டின் கணக்கே பெரிய டீமைக் கேட்கிறது. பின்தங்கி ஓடி வருகிறவர்கள் இல்லாமல் ஒரு டீம் ஜெயிக்கவே முடியாது. ஒரு பள்ளி தன் மற்ற விளையாட்டுகளையும் இதை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. இந்தப் பருவம் முடிவதற்குள் அதை முழுதாக வாதாடிப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 16

முதல் ஆட்சேபம் உடம்பைப் பற்றியது, அதை ஒதுக்கிவிட முடியாது. வளர்கிற எலும்பை வைத்துக்கொண்டு வாரத்துக்கு முப்பது நாற்பது மைல் ஓடலாமா? வெயில் வேறு. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரி பந்தயம் நாற்பது டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் நடந்தது. புறப்பட்ட 38 பேரில் ஓடி முடித்தவர்கள் 15 பேர்தான். ஃபின்லாந்தின் பாவோ நுர்மி பெரிதாகக் களைக்காமல் ஜெயித்தார், பின்னால் வந்தவர்களில் பலர் சுருண்டு விழுந்தார்கள். அதன்பின் இந்தப் பந்தயம் ஒலிம்பிக்கிலிருந்தே எடுக்கப்பட்டுவிட்டது. ஆகஸ்ட் மாதத்து டெக்சஸிலோ ஃப்ளோரிடாவிலோ பிற்பகல் நான்கு மணிக்குப் பிள்ளைகளை ஓடவிடும் கோச் யாராக இருந்தாலும் அவருக்கு இந்தச் செய்தி தெரிந்திருக்க வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் விடியற்காலையில் பயிற்சி வைக்கிறார்கள், உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் தருகிறார்கள்.

காயத்தைப் பொறுத்தவரை, ஓடுவதைவிட ஓட்டத்தைத் திடீரென்று கூட்டுவதுதான் ஆபத்து. கோடை முழுவதும் சோபாவில் கிடந்துவிட்டு முதல் வாரமே டீமின் முன்வரிசையோடு ஓடப்பார்க்கும் பையனுக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வரும். அதைச் சொல்லாமல் மறைத்து ஓடினால் எலும்பில் கீறல் விழும். புதிதாகச் சேர்கிறவர் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில், நடுவே நடந்தும், இருபது நிமிடத்தில் தொடங்க வேண்டும். வாரம் வாரமாகத்தான் கூட்ட வேண்டும். பெரிய டீம் கைகொடுப்பது இங்கேதான். ஏழே பேர் கொண்ட டீமில் புதியவர் தன்னைவிட மிக வேகமானவர்களைத் துரத்தியாக வேண்டும். எழுபது பேர் இருந்தால் அவர் வேகத்திலேயே ஓட நாலு பேர் கிடைப்பார்கள். ஆக, எல்லோரையும் சேர்த்துக்கொள்வதால் காயம் பெருகும் என்ற வாதம் நிற்காது. எல்லோரையும் ஒரே வேகத்தில் ஓடவிடுவதால்தான் அது பெருகும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கூடுதலான கவனம் வேண்டும். ஓடுவதற்கு ஏற்பச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் தவறும், எலும்பு பலவீனமாகும். இதைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் மருத்துவர்கள் 2014இல் தனியாகப் பெயரிட்டே எச்சரித்தார்கள். மாதவிடாய் நின்றுபோவதைக் கடுமையான பயிற்சியின் அடையாளம் என்று பெருமைப்படும் பழக்கம் இந்த விளையாட்டில் ஒரு காலத்தில் இருந்தது. அது அபாய மணி, உடனே மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்களில் சைவம் சாப்பிடும் வீடுகள் நிறைய. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து இறைச்சியில் இருப்பதைப் போல எளிதில் உடம்பில் சேராது. சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் இன்னும் குறையும், எலுமிச்சை பிழிந்தால் கூடும். மகள் ஓட்டத்தில் சேர்ந்தால் பருவம் தொடங்கும் முன் ரத்தத்தில், இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்துவிடுங்கள். காரணமில்லாமல் சோர்ந்து, போன மாதத்தைவிட மெதுவாக ஓடும் எத்தனையோ பெண்களைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறார்கள். அவர்களுக்குக் குறைந்தது இரும்புச்சத்துதான்.

செப்டம்பர் 6

பந்தயங்கள் தொடங்கிவிட்டன. இரண்டாவது ஆட்சேபம்: ஓட்டம் தனியாள் விளையாட்டு, இதில் டீம் என்பது வெறும் பேச்சு. மற்றவர் காலால் யாரும் ஓட முடியாது என்பது வரை சரி. ஆனால் இந்த ஓட்டத்தின் புள்ளிக் கணக்கைத் தெரிந்துகொண்டவர்கள் அதற்கு மேல் வாதாட மாட்டார்கள். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஏழு பேர் முக்கியப் பந்தயத்தில் ஓடுகிறார்கள். முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை குறைவாக உள்ள பள்ளி ஜெயிக்கும். ஒரே பள்ளி முதல் ஐந்து இடத்தையும் பிடித்தால் 15. அதற்குக் கீழே போக வழியில்லை. இப்போது ஒரு கற்பனைப் பந்தயம். முதல் பள்ளியில் நாலு அபாரமான ஓட்டக்காரர்கள். 1, 2, 3, 4 என்று நாலு இடத்தையும் அள்ளிவிட்டார்கள். அவர்களின் ஐந்தாவது ஆள் 40ஆம் இடம். மொத்தம் 50. இரண்டாவது பள்ளியில் நட்சத்திரம் யாரும் இல்லை, ஐந்து பேரும் சேர்ந்தாற்போல 5 முதல் 9 வரை வந்தார்கள். மொத்தம் 35. கோப்பை இரண்டாவது பள்ளிக்கு. முதல் பள்ளியின் ஐந்தாவது ஆள் 24ஆம் இடத்துக்கு வந்திருந்தால் 34, ஒரு புள்ளியில் ஜெயித்திருப்பார்கள். கூட்டமாக ஓடும் நடுப்பகுதியில் அந்தப் பதினாறு இடம் சில வினாடிகளுக்குள் அடங்கிவிடும்.

ஆறாவது, ஏழாவது ஆட்களின் இடம் தங்கள் பள்ளியின் கணக்கில் சேராது. ஆனால் எதிரணியின் ஐந்தாவது ஆளை முந்தினால் அவர் ஓரிடம் கீழே தள்ளப்படுவார், அந்தப் பள்ளியின் கூட்டுத்தொகை ஏறும். இரண்டு பள்ளிகள் சமமாக வந்தால் பல போட்டிகளில் ஆறாவது ஆளின் இடத்தைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். எல்லைக்கோட்டுக்கு அப்பால் கயிறு கட்டி, ஒருவர் பின் ஒருவராக மட்டுமே போக முடிகிற ஒடுங்கிய பாதை ஒன்று வைத்திருப்பார்கள். ஷூவில் சிப் வருவதற்கு முன்பு, மூச்சு வாங்கிக்கொண்டு அதில் வரும் ஒவ்வொருவர் கையிலும் எண் எழுதிய அட்டையையோ குச்சியையோ கொடுப்பார்கள். ஐந்து குச்சிகளைச் சேர்த்துக் கோச்சிடம் கொடுத்தால் அதுதான் டீமின் கணக்கு. முதலில் வந்தவரின் குச்சியும் நாற்பதாவதாக வந்தவரின் குச்சியும் அந்தக் கூட்டலில் ஒரே மாதிரிதான் சேர்கின்றன. நட்சத்திரத்தை நம்பி ஜெயிக்க முடியாதபடி விதிகளே அமைந்த பள்ளி விளையாட்டு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 20

இதற்கு உடனே ஒரு மறுகேள்வி வரும். கணக்கு ஏழு பேரோடு முடிந்துவிடுகிறதே, எட்டாவது ஆளிலிருந்து எழுபதாவது ஆள் வரை எதற்கு? நியாயமான கேள்வி. ஆகஸ்டில் ஐந்தாவது ஆள் யார் என்று எந்தக் கோச்சுக்கும் தெரியாது என்பது ஒரு பதில். பதினான்கு வயதில் உயரமும் நுரையீரலும் எப்படி வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்பதாம் வகுப்பில் கடைசியாக வந்த பையன் பதினொன்றாம் வகுப்பில் ஏழு பேரில் ஒருவனாக இருப்பது இந்த விளையாட்டில் சாதாரணம். ஆனால் இந்தப் பதிலோடு நின்றுவிட்டால் மற்றவர்களை லாட்டரிச் சீட்டாக ஆக்கிவிடுவோம். எனக்குப் பெரியதாகப் படும் பதில் வேறு. கூடைப்பந்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் ஒரு பருவம் முழுக்க ஒரு நிமிடம்கூட ஆடாமல் போகலாம். இங்கே பெஞ்ச் கிடையாது. முக்கிய டீமில் இல்லாதவர்கள் ஜூனியர் வார்சிட்டிப் பந்தயத்தில் பெரும்பாலும் அதே ஐந்து கிலோமீட்டரை அதே புல்வெளியில் ஓடுகிறார்கள். ஒவ்வொருவர் பெயரோடும் இடமும் நேரமும் அச்சாகிறது. செப்டம்பரில் 33 நிமிடம் எடுத்த பெண் அக்டோபர் இறுதியில் 28 நிமிடத்தில் முடித்தால், ஒழுங்காக ஓடிய உடம்புக்கு இது நடக்கக்கூடியதே, அந்த ஐந்து நிமிடத்தை யாரும் மறுக்க முடியாது. ரெஃப்ரியின் தயவோ கோச்சின் பிரியமோ அதற்குத் தேவையில்லை.

அக்டோபர் 11

எல்லோரையும் சேர்த்தால் தரம் தாழும் என்கிறவர்களுக்குச் சிகாகோவின் மேற்குப் புறநகரான எல்ம்ஹர்ஸ்ட்டின் யார்க் உயர்நிலைப் பள்ளியைக் காட்டலாம். ஜோ நியூட்டன் அங்கே அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கோச்சாக இருந்தார். 2016இல் ஓய்வு பெற்று அடுத்த ஆண்டு காலமானார். இல்லினாய் மாநிலச் சாம்பியன் பட்டத்தை அவருடைய பையன்கள் 28 முறை வென்றார்கள். அவர் டீமில் ஏழு பேர் இல்லை, இருநூறு பேர் அளவுக்கு ஓடினார்கள். அத்தனை பேரின் பெயரையும் தெரிந்துவைத்து, பயிற்சி முடிந்து போகும்போது ஒவ்வொருவரோடும் கைகுலுக்கி அனுப்புவது அவர் வழக்கம். 2005ஆம் வருடப் பருவத்தைப் பற்றி எடுக்கப்பட்ட ‘தி லாங் கிரீன் லைன்’ என்ற ஆவணப்படத்தில் இதைப் பார்க்கலாம். ஆள் அதிகமாக இருந்தும் ஜெயித்தார் என்று சொல்வது பிழை, அதனால்தான் ஜெயித்தார். பத்தாவது ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் நடுவே சில வினாடிதான் என்னும்போது ஐந்தாவது ஆள் அசந்திருக்க மாட்டார்.

யார்க் வசதியான ஊரின் பெரிய பள்ளி, அதை எல்லோராலும் செய்ய முடியாது என்பார்கள். அப்படியானால் கலிஃபோர்னியாவின் கெர்ன் கவுன்டியில் உள்ள மெக்ஃபார்லண்டைப் பார்க்கலாம். வயல்களும் பழத்தோட்டங்களும் சூழ்ந்த சின்ன ஊர்; டீமில் ஓடிய பலர் மெக்சிகோவிலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளர்களின் பிள்ளைகள், தாங்களும் வயலில் வேலை செய்தவர்கள். 1964இல் ஆசிரியராக வந்த ஜிம் வைட், 1980இல் கிராஸ் கன்ட்ரி டீமைக் கையில் எடுத்தார். 1987இல் கலிஃபோர்னியா முதன்முதலாக மாநிலப் போட்டி நடத்தியபோது தங்கள் பிரிவில் பட்டம் இவர்களுக்கு. 2001 வரை ஒன்பது முறை வென்றார்கள். கெவின் காஸ்ட்னர் நடித்து 2015இல் வந்த டிஸ்னி படத்தால் இந்தக் கதை உலகத்துக்குத் தெரிந்தது; பல வருடங்களில் நடந்ததைப் படம் ஒரே பருவமாகச் சுருக்கிவிட்டது. எனக்கு அந்த விடுபட்ட ஏழு வருடங்கள்தான் முக்கியம். கோப்பை இல்லாத அந்த வருடங்களிலும் டீம் கலையாமல் ஓடியதால்தான் 1987 வந்தது. கிளப் கட்டணம் கட்ட முடியாத ஊரில், தனியாக மைதானம் கேட்காத ஒரு விளையாட்டு தோட்டங்களுக்கு நடுவே உள்ள மண்பாதையிலேயே வளர்ந்தது.

அக்டோபர் 25

படிப்பு கெடும் என்பது பெற்றோரின் ஆட்சேபம், குறிப்பாகக் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலும் நியூ ஜெர்சியின் எடிசனிலும் டல்லஸ் புறநகர்களிலும் வசிக்கும் நம் பெற்றோருடையது. தினமும் பள்ளி விட்டபின் ஒன்றரை இரண்டு மணி நேரம் பயிற்சி, சனிக்கிழமை காலை பந்தயம். அந்த நேரம் உண்மையிலேயே செலவாகிறது, இல்லை என்று சொல்லிப் பயனில்லை. கல்லூரி உதவித்தொகை கிடைக்கும் என்று ஆசைகாட்டவும் மாட்டேன். அது மிகச் சிலருக்குத்தான், அதற்காகச் சேர்க்கிறவர்கள் ஏமாறுவார்கள். ஆனால் எதற்குப் பதிலாக இந்த நேரம் போகிறது என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் பள்ளி விட்டபின் டியூஷன், அதன்பின் போன், பின்னிரவு வரை தூக்கமில்லை. ஆறு மைல் ஓடிய பிள்ளைக்குப் பத்து மணிக்குத் தூக்கம் வந்துவிடும். அதோடு, மற்ற எல்லாவற்றிலும் முதலாவதாக வரும்படி வளர்க்கப்பட்ட ஒரு பிள்ளை, எண்பதாவதாக வந்தும் மறுநாள் பயிற்சிக்குப் போகப் பழகுவது எந்த டியூஷனிலும் கிடைக்காது. இதைச் சொன்னால், எண்பதாவதாக வருவதற்கா பிள்ளையைப் பெற்றோம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் இந்த டீம் எல்லோரையும்விட அதிகம் தேவை.

நவம்பர் 15

மாநிலப் போட்டிகளின் காலம். இப்போது பள்ளிக்கு ஏழே பேர்தான் ஓடுவார்கள், மற்றவர்களின் பருவம் முடிந்துவிட்டது. இந்த நேரத்தில்தான் திறந்த கதவு சில பள்ளிகளில் பெயரளவுக்கு மட்டும் இருப்பது தெரிகிறது. நூறு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரே கோச்சை வைத்தால், அவர் முதல் பதினைந்து பேரோடு ஓடுவார். மற்றவர்கள் பார்வைக்கு அப்பால் நடந்துவிட்டு வருவார்கள். ஜூனியர் வார்சிட்டிப் பந்தயத்தைச் செலவு மிச்சம் என்று நிறுத்திவிடும் நிர்வாகம், சேர்த்தவர்களை உண்மையில் வெளியே அனுப்பியதாகத்தான் அர்த்தம். எனவே என் கட்சியில் ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொள்கிறேன்: யாரையும் கழிக்காத டீமுக்கு இரண்டாவது, மூன்றாவது கோச்சும் எல்லோரும் ஓடுகிற பந்தயங்களும் வேண்டும். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர் அடுத்த ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டாம். கோடைப் பயிற்சி பல பள்ளிகளில் ஜூனிலேயே தொடங்கிவிடும். மருத்துவர் கையெழுத்திட்ட படிவம், காலுக்குப் பொருந்தும் ஒரு ஜோடி ஓட்டக் காலணி, ஒரு தண்ணீர் பாட்டில், இவ்வளவுதான் தேவை. சேர்க்கும் முன் கோச்சிடம் ஒன்று கேளுங்கள்: உங்கள் டீமில் கடைசியாக ஓடுகிறவரோடு யார் ஓடுகிறார்கள்?