வெள்ளம் வடிந்த பிறகு வரும் காய்ச்சல்

எலிக்கு ஒன்றும் செய்யாத கிருமி ஒன்று, மனிதனைப் படுக்கையில் தள்ளிவிடும். அதன் பெயர் லெப்டோஸ்பைரா. நம் ஊரில் 'கென்சிங் திக்குஸ்' என்றால் எல்லாருக்கும் தெரியும். எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து, சிறுநீரோடு வெளியேறி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கக் கூடியது.

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் இருக்கும் என் சித்தப்பாவின் வீடும் மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் வெறுங்காலோடு சேற்றை வாரிக் கொட்டினார். குதிகாலில் வெடிப்பு. பத்து நாள் கழித்துக் கடும் காய்ச்சல். கண்கள் சிவந்தன; கெண்டைக்காலைத் தொட்டாலே துடித்தார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் டிங்கி என்றார்கள். கிளினிக் டாக்டர் மட்டும், "வெள்ளத் தண்ணியில இறங்கினீங்களா, அங்கிள்?" என்று கேட்டு, உடனே மருத்துவமனைக்கு அனுப்பினார்.

அந்தக் கேள்வியின் அருமை எனக்குப் பிறகுதான் புரிந்தது. திருகாணிபோல் சுருண்ட இந்தக் கிருமி, சிறு கீறல் வழியாகவோ கண், மூக்கு, வாய் வழியாகவோ நுழைந்து ரத்தத்தில் கலக்கிறது. நம் உடலின் காவல் அணுக்கள் பல பாக்டீரியாக்களை அவற்றின் மேலுறையை வைத்தே அடையாளம் காணும். இதன் மேலுறையோ அவற்றிடம் எளிதில் பிடிபடுவதில்லை. உடல் விழித்துக்கொள்வதற்குள் கல்லீரல், சிறுநீரகம், நுரையீரல் வரை போய்விடுகிறது. நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் பழுதாகிக் கசிகிறது. முற்றினால் மஞ்சள் காமாலை, சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரலில் ரத்தக்கசிவு. இந்தக் கடுமையான நிலையை 1886-இல் அடால்ஃப் வைல் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள்.

மருத்துவமனையில் இரண்டாம் நாள் சித்தப்பாவின் கண் மஞ்சளானது, சிறுநீர் குறைந்தது. சித்தி பேச்சிழந்து உட்கார்ந்திருந்தார். நரம்பு வழியே ஏற்றிய ஆண்டிபயாடிக் மெல்ல வேலை செய்தது. இரண்டு வாரத்தில் வீடு திரும்பினார்.

பென்சிலின், டாக்சிசைக்ளின் போன்ற சாதாரண மருந்துகளுக்கே அடங்கும் நோய் இது. சீக்கிரம் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். வீடு கழுவும்போது பூட்ஸ், கையுறை போடுங்கள். காயத்தை நீர் புகாதபடி மூடுங்கள். வெள்ளத்திலோ அருவியிலோ இறங்கிய ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். தண்ணீரில் இறங்கியதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.