நேர்மைக்குப் பெரிய பதவி வேண்டாம்

வேதாகமத்தில் நேர்மைக்கு உதாரணம் கேட்டால் யோசேப்பு, தானியேல், யோபு என்ற பெயர்கள்தான் முதலில் வரும். ஞாயிறு பாடசாலையில் நானும் அவர்களைப் பற்றித்தான் படித்தேன். ஆனால் யுத்தத்தில் கணவனையும் வீட்டையும் இழந்து பிள்ளைகளோடு தனித்து நின்ற நாட்களில் என் மனதுக்குத் துணையாக வந்தவர்கள் வேறு சிலர். சகோதரிகளே, அவர்களைப் பற்றி உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் இரண்டு மருத்துவிச்சிகள். யாத்திராகமம் முதலாம் அதிகாரத்தில் வருகிறார்கள். எகிப்தில் அடிமைகளாயிருந்த எபிரெயர் பெருகுவதைக் கண்டு பார்வோன் பயந்தான். சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவிச்சிகளை அழைத்து, எபிரெயப் பெண்களுக்கு ஆண்பிள்ளை பிறந்தால் கொன்றுவிடும்படி கட்டளையிட்டான். அவர்கள் கடவுளுக்குப் பயந்து பிள்ளைகளை உயிரோடு விட்டார்கள். அரசன் விசாரித்தபோது, நாங்கள் போய்ச் சேருமுன்பே அந்தப் பெண்கள் பெற்றுவிடுகிறார்கள் என்று சமாளித்தார்கள். பார்வோன் என்பது பதவிப் பெயர். அந்த அரசனின் சொந்தப் பெயரை வேதம் அங்கே எழுதவில்லை. ஆனால் பிரசவம் பார்க்கப் போன இரண்டு பெண்களின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன.

அடுத்தவர் சாமுவேல் தீர்க்கதரிசி. முதுமையில் சனங்களின் முன்னால் நின்று கணக்குக் கேட்டவர் அவர். யாருடைய மாட்டை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யாரிடம் லஞ்சம் வாங்கினேன், சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன் என்றார். ஒருவராலும் குறை சொல்ல முடியவில்லை. அவருடைய பிள்ளைகளோ பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்துகொண்டு லஞ்சம் வாங்கினார்கள். நேர்மை தகப்பனிடமிருந்து காணியைப்போல் பிள்ளைகளுக்கு வந்துவிடுவதில்லை.

2010ஆம் ஆண்டு நாங்கள் மீளக்குடியேறியபோது நான் எங்கள் மாதர் சங்கத்தின் பொருளாளர். தறப்பாள் கொடுக்க வந்த ஒருவர் 31 குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டு, 40 என்று எழுதிய தாளில் கையொப்பம் கேட்டார். “அக்கா, உங்களுக்கு வேறாக இரண்டு தாறன்” என்றும் சொன்னார். என்னுடைய கொட்டிலும் அன்று ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. “31 எண்டு மாத்தி எழுதுங்கோ தம்பி, வைக்கிறன்” என்றேன். அவர் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த முறை ஆடு கொடுத்தபோது பட்டியலில் எங்கள் சங்கத்தின் பெயர் இல்லை. சிலர் என்னை ஏசினார்கள். அவர்களுடைய கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். பசித்த பிள்ளைகளின் தாய்மார் அவர்கள். ஆனால் பிறகு சேமிப்புக் காசை என் கையில் எண்ணாமல் தந்தவர்களும் அவர்கள்தான்.

கடைசியாக ரிஸ்பாள். இவள் சவுல் அரசனின் மறுமனையாட்டி. சவுல் செய்த கொலைகளுக்குப் பழியாக அவனுடைய வம்சத்தில் ஏழு பேரைக் கிபியோனியர் கேட்டார்கள். தாவீது அரசன் ஒப்புக்கொடுத்தான். அந்த ஏழு பேரில் இரண்டு பேர் ரிஸ்பாளின் பிள்ளைகள். மற்ற ஐவரும் சவுலின் மகள் வயிற்றுப் பிள்ளைகள். மலையில் தூக்கிப் போடப்பட்ட அந்த உடல்களை எடுத்து அடக்கம்பண்ண ஒருவரும் வரவில்லை. ரிஸ்பாள் பாறையின்மேல் இரட்டுத் துணியை விரித்து உட்கார்ந்தாள். அறுவடை தொடங்கிய நாள்முதல் மழை பெய்யும்வரை, பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் விரட்டினாள். பெற்றது இருவரை. காத்தது ஏழு உடல்களையும். அவள் செய்தது தாவீதின் காதுக்கு எட்டியது. அதன்பிறகுதான் அவன் சவுல், யோனத்தான் ஆகியோரின் எலும்புகளை எடுப்பித்து, இந்த ஏழு பேரின் எலும்புகளையும் சேர்ப்பித்தான்.

அவள் அரசனோடு வாதாடியதாக அங்கே எழுதப்படவில்லை. செத்தவர்களுக்குச் செய்யவேண்டியது செய்யப்படும்வரை இடத்தைவிட்டு எழும்பவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் அமர்ந்தபோது எனக்கு அவளுடைய நினைவுதான் வந்தது.

இந்தக் கதையை ஒருநாள் எங்கள் குழுவில் சொன்னேன். மகனைத் தேடிக்கொண்டிருக்கும் சைவக்கார அக்கா ஒருவர், “அவளுக்கு எலும்பெண்டாலும் கிடைச்சுது” என்றார். அதற்குமேல் ஒருவரும் கதைக்கவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் அதே அக்கா, “அந்தப் பாறையில இருந்தவளின்ர கதையைத் திரும்பச் சொல்லு பிள்ளை” என்று கேட்டார்.

சகோதரிகளே, பதவியும் பணமும் உள்ளவர்களுக்குத்தான் நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள். இல்லாதவர்கள் கையிலும் அது இருந்திருக்கிறது. உங்கள் குழுவிலும் ரிஸ்பாளின் கதையைச் சொல்லிப் பாருங்கள். இரண்டாம் சாமுவேல், 21ஆம் அதிகாரம். அவளைப் பற்றி எழுதியிருப்பது சில வசனங்கள்தான்.