பதினெட்டு என்னும் விடையின் பிறப்பிடம்

பெரிய நிறுவனங்களுக்கு ஒருங்கிணைந்த தொடர்பு அமைப்புகளைத் திட்டமிட்டு வடிவமைக்கப் பயிலும் கணினிப் பொறியாளர்களுக்குப் பாடம் நடத்துவது என் தொழில். தொலைபேசி, காணொளிக் கூட்டம், உடனடிச் செய்தி, குரலஞ்சல் ஆகிய யாவும் ஒரே நெட்வொர்க்கின் மேல் ஓடவேண்டுமென்று ஒரு நிறுவனம் தீர்மானித்துவிட்டால், எத்தனை சர்வர்கள் வேண்டும், அவற்றை எந்த ஊரில் வைப்பது, கிளை அலுவலகத்துக்கு எவ்வளவு பேண்ட்வித் ஒதுக்குவது, வெளியுலகத்தோடு பேச எத்தனை டிரங்க் வாங்குவது என்னும் கேள்விகளுக்கெல்லாம், ஒரு பெட்டியும் வந்து இறங்குவதற்கு முன்பே காகிதத்தில் விடை எழுதித் தரவேண்டியவர்கள் இவர்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் லிங்க் சர்வர் 2010 வந்த நாளில், நிறுவுவதற்கு ஒரு பாடமும், திட்டமிடுவதற்கென்றே தனியாக இன்னொரு பாடமும் இருந்தன. பிறகு லிங்க் போய் ஸ்கைப் ஃபார் பிசினஸ் வந்தது. அதன் இடத்தை டீம்ஸ் பிடித்தது. திரைகளும் பெயர்களும் இப்படி மாறிக்கொண்டே வந்தபோதிலும், பாடத்தில் ஒரே ஒரு பக்கம் மட்டும் மாறவில்லை. டிரங்க்குகளின் எண்ணிக்கையை நிர்ணயிக்கும் அட்டவணைதான் அது.

அதை உபயோகிப்பது மிக எளிது. ஓர் அலுவலகத்தில் நாளின் மிகுந்த நெருக்கடியான மணியில் 200 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரியாக 3 நிமிஷம் நீடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 நிமிஷம். அதை 60-ஆல் வகுத்தால் 10. இதைப் பத்து எர்லாங் என்பார்கள். நூற்றுக்கு ஒரு அழைப்புக்கு மேல் தோற்கக்கூடாது என்றால், அட்டவணையில் விரலை ஓட்டி, 18 டிரங்க் என்று எழுதிவிடலாம். ஒரு நாள் இந்த இடத்தில் ஒரு மாணவி எழுந்து, “சார், பத்துக்குப் பத்து போதாது என்பது புரிகிறது, ஆனால் பதினெட்டு என்று யார் சொன்னது?” என்று கேட்டாள். எர்லாங் என்ற மனிதரின் பெயரையும் அவருடைய சூத்திரத்தையும் சொன்னேன். அந்தச் சூத்திரத்தை ஒரு மனிதன் எந்தக் கவலையால் உந்தப்பட்டுக் கண்டடைந்தான் என்பதல்லவா அவள் கேட்டது என்ற எண்ணம் மட்டும் என்னை விடவில்லை.

தயாரிப்பாளர்களின் வடிவமைப்புக் கையேடுகளில் தேடினேன். அவை எண்ணைக் கொடுத்தால் எண்ணைத் திருப்பித் தரும் கணிப்பானைக் காட்டுவதோடு நின்றன. பழைய தொலைபேசி நிலையப் பொறியாளர்களின் பாடநூல்கள் சூத்திரத்தைத் தந்து ஓர் ஆண்டையும் குறிப்பிட்டன. அவற்றின் அடிச்சுவட்டிலே போனபோதுதான், 1948-ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் மூன்று அறிஞர்கள் தொகுத்து வெளியிட்ட, எர்லாங்கின் வாழ்க்கைச் சரிதமும் அவருடைய கட்டுரைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அடங்கிய நூலின் பரிச்சயம் எனக்குக் கிட்டியது.

அக்னர் கிராருப் எர்லாங், 1878-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று, டென்மார்க்கின் லோன்போர்க் கிராமத்தில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் கணிதத்தைப் பிரதானமாகப் பயின்று 1901-இல் பட்டம் பெற்ற பின் சில ஆண்டுகள் பள்ளிகளில் பாடம் சொல்லிக்கொடுத்தார். கணித அறிஞர் சங்கத்தில் அவருக்கு யோகான் ஜென்சனின் நட்பு வாய்த்தது. குவிசார்புகளைப் பற்றிய புகழ்பெற்ற சமனிலிக்கு உரிய அதே ஜென்சன்தான். ஆனால் ஜீவனத்துக்கு அவர் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் தலைமைப் பொறியாளராக இருந்தார். கம்பெனியின் நிர்வாக இயக்குநர் யோகான்சனோ, எத்தனை கம்பிகள் போட்டால் சந்தாதாரர் காத்திருக்க நேராது என்பதைச் சாத்தியக் கணிதத்தால் அறிய முடியுமா என்று தாமே எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தவர். இவ்விருவர் வழியாக, 1908-இல், முப்பதாம் வயதில் எர்லாங் அந்தக் கம்பெனியில் சேர்ந்தார். இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்த அம்சம் இதுவே: கேள்வி ஒரு நிர்வாகியினுடையது, அதன் கனத்தை உணர்ந்தவர் ஒரு பொறியாளர், விடை கண்டவர் பள்ளிக்கூட வாத்தியார்.

அவர் மேஜையில் அமர்ந்து கணக்குப் போட்டதோடு நின்றவரல்லர். பூமிக்கடியில் செல்லும் தொலைபேசிக் கேபிள்களில் கசியும் மின்னோட்டத்தை அளப்பதும் அவர் வேலையாயிற்று; உதவிக்கு ஆட்கள் இல்லாத தொடக்க நாட்களில், ஏணி சுமந்த ஒரு தொழிலாளி உடன் வர, கோபன்ஹேகன் தெருக்களில் நடந்து, ஆளிறங்கு குழிகளின் மூடியைத் திறந்து அவரே உள்ளே இறங்கினாராம். வடிவமைப்பாளர் என்றால் வரைபடம் போடுபவர் என்று மட்டும் நினைக்கும் இளைஞர்களுக்கு இந்தச் சித்திரத்தை நான் ஒவ்வொரு வகுப்பிலும் விரித்துச் சொல்கிறேன்.

1909-இல் எழுதிய கட்டுரையில், ஒருவரையொருவர் அறியாத சந்தாதாரர்கள் தத்தம் சௌகரியப்படி தொலைபேசியை எடுக்கும்போது, அழைப்புகளின் வருகை பிரெஞ்சு அறிஞர் புவாசோனின் பரவலை அனுசரிக்கிறது என்று காட்டினார். நம் அட்டவணைக்கு மூலமான சூத்திரம் 1917-இல் வெளியான கட்டுரையில் இருக்கிறது. அதைப் படித்தபோது, இவ்வளவு எளிய சிந்தனையிலிருந்தா இது பிறந்தது என்று வியந்தேன். நான்கு கம்பிகளில் பேச்சு நடக்கும் நிலையிலிருந்து ஐந்து கம்பிகளில் நடக்கும் நிலைக்கு அமைப்பு ஏறினால், மறுபடி அதே படியில் ஏறுவதற்கு முன் ஒருமுறை இறங்கியே ஆகவேண்டும். ஆகையால் நீண்ட காலத்தில் ஏற்றங்களும் இறக்கங்களும் சமமாகும். ஒவ்வொரு படிக்கும் இந்தச் சமநிலையை எழுதி, எல்லாக் கம்பிகளும் நிரம்பியிருக்கும் காலம் மொத்த காலத்தில் எத்தனை பங்கு என்று கேட்டால், அதுவே அழைப்பு தோற்கும் விகிதம். பேச்சுகளின் நீளம் எப்படிச் சிதறியிருந்தாலும் சராசரி ஒன்றே போதும் என்பதைப் பின்வந்த கணிதவியலர் நிறுவினார்கள். அழைப்பைத் தள்ளிவிடாமல் வரிசையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கான சூத்திரமும் அதே கட்டுரையில் உண்டு. இன்றைய கால் சென்டர்களில் ஆள் எண்ணிக்கையைக் கணிப்பது அதைக் கொண்டுதான்.

மூலத்தைப் படித்த பிறகு, பத்து எர்லாங்கை எடுத்துக்கொண்டு கையாலேயே கணக்குப் போட்டேன். ஒரே கம்பி இருந்தால், பத்தைப் பதினொன்றால் வகுக்க, நூற்றுக்கு 91 அழைப்புகள் தோற்கின்றன. அந்த விடையைப் பத்தால் பெருக்கி, பெருக்கி வந்ததோடு 2-ஐக் கூட்டிய தொகையால் அதையே வகுத்தால் இரண்டு கம்பிகளுக்கான விடை, 82. மூன்றாவதற்கு 3-ஐக் கூட்டவேண்டும். இப்படியே மேலே போகலாம். பத்துக் கம்பிக்கு 21, பதினைந்துக்கு 3.6, பதினேழுக்கு 1.3, பதினெட்டுக்கு 0.7. நூற்றுக்கு ஒன்று என்ற எல்லைக்குள் முதன்முதலாக வரும் எண் பதினெட்டு என்பது அப்போது கண்ணெதிரே நின்றது. இதே பயிற்சி இன்னொன்றையும் காட்டுகிறது: தலா 10 எர்லாங் உள்ள இரண்டு கிளைகள் தனித்தனியே 18 வீதம் 36 டிரங்க் வாங்கவேண்டும்; இரண்டையும் ஒரே சிப் (SIP) டிரங்க்கில் சேர்த்தால் 20 எர்லாங்குக்கு 30 போதும். தலைமையகத்தில் ஒரே இணைப்பாக மையப்படுத்துங்கள் என்று கையேடுகள் வற்புறுத்துவதன் காரணங்களில் ஒன்று 1917-லேயே எழுதப்பட்டுவிட்டது. பேண்ட்வித் கணக்கும் இந்த எண்ணைத் தொட்டே வருகிறது: ஜி.711 என்னும் குரல் குறியாக்க முறையில் ஓர் அழைப்புக்கு, பாக்கெட் தலைப்புகளையும் சேர்த்து, ஐபி மட்டத்தில் விநாடிக்கு 80 கிலோபிட், பதினெட்டுக்கு 1,440.

ஆனால் தேடலின் பெரும்பயன் வேறு. அட்டவணை மறைத்துவிட்ட நிபந்தனைகளை மூலக் கட்டுரை ஒளிக்கவில்லை. அழைப்பவர்கள் ஒருவரோடொருவர் தொடர்பற்றவர்கள். இடம் கிடைக்காத அழைப்பு அப்படியே மறைந்துவிடுகிறது. இந்த இரண்டும் அங்கே வெளிப்படையாக நிற்கின்றன. இன்றைய அலுவலகத்திலோ, நாட்காட்டி எல்லோரையும் ஒரே நிமிஷத்தில் கூட்டத்துக்கு அழைக்கிறது. காலை 10 மணிக்கு 40 பேர் வெளியிலிருந்து தொலைபேசி மூலம் கூட்டத்தில் சேர்ந்து அரைமணி நேரம் இருந்தால், அந்த மணியின் சுமை 20 எர்லாங். அட்டவணை 30 டிரங்க் போதும், தோல்வி நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லும். நடப்பதோ, நாற்பதில் பத்துப் பேர் வாசலில் நிற்பது. அவர்கள் மறைந்துபோகாமல் திரும்பத் திரும்ப டயல் செய்வார்கள். அட்டவணையை மட்டும் கற்றவர், கணக்கு சரியாகத்தானே இருக்கிறது என்று திகைத்து நிற்பார். பயிற்சி என்ற பெயரில் சூத்திரத்தின் விடையை மட்டும் கொடுத்து நிபந்தனைகளைக் கொடாமல் அனுப்புவது, அந்த மாணாக்கர்களை நம்பி அமைப்பை ஒப்படைக்கும் நிறுவனத்துக்கும் இழைக்கும் அநீதி என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஆகையால் இப்போது அட்டவணையைக் கடைசியில்தான் காட்டுகிறேன். முதலில் ஆளுக்கொரு காகிதத்தில், ஒரு கம்பியிலிருந்து தொடங்கிப் பதினெட்டு வரை வகுத்துக்கொண்டே வரச் சொல்கிறேன். அடுத்து, ஓர் அலுவலகத்தின் அழைப்புப் பதிவுகளைக் கொடுத்து, மணிவாரியாக அல்லாமல் ஐந்து நிமிஷ வாரியாகப் பிரித்து வரையச் சொல்கிறேன். ஒவ்வொரு மணியும் தொடங்குமிடத்தில் கோடு செங்குத்தாக எழும்; இடைப்பட்ட நேரத்தில் அது எர்லாங் கண்ட கோபன்ஹேகனைப் போலவே ஒழுங்கற்று அசையும். அந்தச் செங்குத்துகளுக்கு நாட்காட்டியில் அழைக்கப்பட்டோரின் தலைகளை எண்ணுவதும், மற்ற நேரத்துக்கு எர்லாங்கின் சூத்திரத்தைப் போடுவதும், இரண்டில் பெரியதைத் திட்டத்தில் எழுதுவதும் மாணாக்கர் வேலை.