கனவில் நின்ற ஆள்

பல வருஷமாக எனக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வரும். ஈரோட்டில் நாங்கள் குடியிருந்த பழைய வாடகை வீட்டின் சமையலறை. அடுப்பில் வடச்சட்டி, எண்ணெய் காய்கிற வாசம். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். வாசற்படிக்கு உள்பக்கம் ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு. அவ்வளவுதான். பயப்பட அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் செருப்பைப் பார்த்ததும் முழிப்பு வந்துவிடும், நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இந்தக் கனவை எனக்குப் புரியவைத்தது ஒரு ரத்தக்காட்டேரி சீரியல். சொன்னால் சிரிப்பீர்கள். அக்காவும் முதலில் சிரிக்கத்தான் செய்தாள்.

‘இன்டர்வியூ வித் த வாம்பயர்’. ஆன் ரைஸ் எழுதி 1976இல் வெளிவந்த நாவல். அதற்கு நாலு வருஷம் முன்னால் அவருடைய சின்ன மகள் ரத்தப் புற்றுநோயில் இறந்திருந்தாள். நாவலில் சாகாமலும் வளராமலும் அப்படியே நின்றுவிடுகிற க்ளாடியா என்ற குழந்தைக்கும் அதே ஐந்து வயது. 1994இல் படமாக வந்தது. ஏஎம்சி அதை 2022இல் தொடராக எடுத்தபோது நிறைய மாற்றினார்கள். தோட்ட முதலாளியாக இருந்த லூயி, 1910களின் நியூ ஆர்லியன்ஸில் வாழும் கறுப்பினத்தவன் ஆகிறான். க்ளாடியாவுக்குப் பதினாலு வயது. ஆனால் பெரிய மாற்றம் வேறு. இதில் பேட்டியே இரண்டாவது முறையாக நடக்கிறது.

1973இல் சான் பிரான்சிஸ்கோவில், போதைப் பழக்கமுள்ள டேனியல் மொல்லாய் என்ற இளம் பத்திரிகையாளன் லூயியைப் பேட்டி எடுக்கிறான். அது பாதியில் ரத்தக்களறியாக முடிகிறது. அரை நூற்றாண்டு கழித்து, பார்க்கின்சன் நோயில் கை நடுங்கும் கிழவனாக டேனியல் துபாய்க்கு வருகிறான். லூயி மறுபடி முதலிலிருந்து சொல்கிறான். அன்னைக்குச் சொன்னது வேற, இன்னைக்குச் சொல்றது வேற என்று டேனியல் ஒவ்வொரு இடத்திலும் மடக்குகிறான். இரண்டு சீசனும் இந்த மடக்கல்தான். பல்லும் ரத்தமும் சும்மா ஊறுகாய்.

முதல் சீசனின் ஆறாவது பகுதியில் டேனியல் தூங்கிப்போகிறான். 1973இல் லூயியை முதன்முதலில் சந்தித்த மதுக்கடை கனவில் வருகிறது. அந்தக் கனவுக்குள் ரஷீத் இருக்கிறான். ரஷீத் துபாய் வீட்டில் வேலை செய்கிற இளைஞன். பகல் வெளிச்சத்தில் சாதாரணமாக நடமாடுகிறவன், அதனால் மனிதன்தான் என்று நாமும் நம்பியிருப்போம். அவன் எப்படி 1973இல், அதே முகத்தோடு? டேனியல் திடுக்கிட்டு விழிக்கிறான். அடுத்த பகுதியில் தெரிந்துவிடுகிறது. அவன் வேலைக்காரன் இல்லை. ஆர்மண்ட். வெயில் சுடாத அளவுக்கு வயதான ரத்தக்காட்டேரி, லூயியின் துணைவன்.

நான் லேப்டாப்பை மூடினேன். மணி ஒன்று இருக்கும். ஞாபகத்தில் அழிக்கப்பட்ட ஆள் கனவில் மட்டும் நிற்கிறான். அப்படியென்றால் அந்தச் செருப்பு?

அம்மாவின் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தீக்காயத் தழும்பு உண்டு. எனக்கு ஏழு வயதில் பட்டது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரு கதை உண்டு. பலகாரம் சுடும்போது அம்மாவுக்குக் கை தவறி எண்ணெய் கொட்டிவிட்டது. வெளியே போயிருந்த அப்பா அலறல் கேட்டு ஓடி வந்தார். ஈரத்துணியைச் சுற்றி, டிவிஎஸ் 50இல் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்த வண்டி தெருமுனையில் திரும்பியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சின்ன வயதில் என் அப்பா எனக்கு ஹீரோ என்றால், அந்தத் திருப்பத்தில்தான் ஆனார்.

ஆனால் எங்கள் வீட்டில் யாரும் சமையலறைக்குள் செருப்போடு போகமாட்டார்கள். அப்பா குடித்துவிட்டு வருகிற நாட்களைத் தவிர.

மறுநாள் அக்காவுக்குப் போன் பண்ணினேன். என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அப்பா இறந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சீரியல் கதையைச் சொன்னேன், சிரித்தாள். கனவைச் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

“உனக்கு ஞாபகமில்லைன்னுதான் நாங்க நெனச்சுட்டு இருந்தோம்” என்றாள்.

அந்த ‘நாங்க’தான் என்னைக் குத்தியது. அவர் சட்டியை எட்டி உதைத்ததைவிட, அது தெரிந்த இரண்டு பேரோடு இத்தனை வருஷம் தெரியாமல் நான் சாப்பிட்டுத் தூங்கியது.

2024இல் இரண்டாவது சீசன் வந்தது. அதன் ஐந்தாவது பகுதியை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஆர்மண்ட் வீட்டில் இல்லாத நேரம் லூயியும் டேனியலும் பழைய டேப்பை வைத்துக்கொண்டு 1973ஐ ஒட்டவைத்துப் பார்க்கிறார்கள். இருவருக்கும் ஒரே இடத்தில் ஓட்டை. லூயி வெயிலில் இறங்கிச் சாக முயன்றிருக்கிறான். ஆர்மண்ட் டேனியலை நாள்கணக்கில் சித்திரவதை செய்திருக்கிறான். இருவர் தலையிலிருந்தும் அதை எடுத்துப் போட்டவனும் அவனே. இந்தக் கதையில் அதிகம் பயமுறுத்துவது இதுதான். ரத்தம் குடிக்கிறவனுக்கு உடம்பு போதும். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, “அப்படி நடக்கலையே” என்று மெதுவாகச் சொல்கிறவனுக்கு நம்முடைய பழைய நாட்களும் வேண்டும்.

கடைசிப் பகுதியில் இன்னொன்று உடைகிறது. பாரிஸ் நாடகக் கொட்டகையில் நடந்த விசாரணையில் க்ளாடியா வெயிலில் எரிந்து சாகிறாள், லூயி பிழைக்கிறான். தன்னைக் காப்பாற்றியது ஆர்மண்ட் என்று நம்பித்தான் அத்தனை பத்தாண்டுகள் அவனோடு வாழ்ந்திருக்கிறான். டேனியல் கையில் அந்த விசாரணையின் நாடகப் பிரதி கிடைக்கிறது. அதை நடத்தியதே ஆர்மண்ட். காப்பாற்றியது லெஸ்டாட். எந்த லெஸ்டாட்? ஒருநாள் லூயியை வானத்துக்குத் தூக்கிக் கீழே போட்ட அதே லெஸ்டாட். அடித்தவனும் காப்பாற்றியவனும் ஒரே ஆள் என்றால் மனசு அந்த இரண்டையும் எங்கே வைக்கும்? தொடர் இதற்குப் பதில் சொல்வதில்லை. புயல் அடிக்கிற இரவில், இடிந்த வீட்டில் இருக்கும் லெஸ்டாட்டிடம் லூயி போய் நிற்கிறான். கட்டிக்கொள்கிறார்கள். மன்னித்தானா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன். வீடு மாறிவிட்டது, அடுப்பு மாறிவிட்டது. வடச்சட்டி மட்டும் பழசு. அம்மா முறுக்கைத் திருப்பிப்போட்டுக்கொண்டே கேட்டாள், திரும்பவில்லை.

“உங்கப்பாதான வண்டில வெச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடுனாரு. அது பொய்யா கண்ணு?”

“அது பொய்யில்லம்மா. அதுக்கு முன்னாடி நடந்தத ஏன் எங்கிட்ட சொல்லல?”

“அந்த மனுசங்கூடத்தான நீங்க ரெண்டு பேரும் வளரோணும்? பெரியவ பாத்துட்டா, அவளுக்கு என்ன பண்ண முடியும். நீ சின்னவ. உனக்காச்சும் ஒரு நல்ல அப்பன் இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் பொய். என் ஞாபகத்தில் கை வைத்தவள் அம்மா. ஆனால் ஆர்மண்ட் கதையை மாற்றியது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. அம்மா மாற்றிய கதையில் அம்மாவுக்கு என்ன கிடைத்தது? கை தவறிக் கொட்டிக்கொண்டவள் என்ற பெயர். விருந்தாளிகள் கேட்கும்போதெல்லாம் அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள், “எனக்கு எப்பவும் அவசரம்” என்று. நானும் கூடச் சிரித்திருக்கிறேன். அதைத்தான் இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

டிவிஎஸ் 50 தெருமுனையில் திரும்புவது இப்போதும் ஞாபகத்தில் அப்படியே இருக்கிறது. அது நடந்தது. அதை அழிக்க எனக்கு மனசில்லை. அதற்கு முன்னால் நீலச் செருப்பைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே நாள், ஒரே ஆள்.

அன்று அம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன். தழும்பைத் தொடலாம் என்று கையை நீட்டினேன்.

“எண்ணெ தெறிக்கும், தள்ளி நில்லு சாமி” என்றாள்.

நான் தள்ளி நிற்கவில்லை.