யார் செய்த பாவம்?



பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்ட சீஷர்கள், இதற்கு யாருடைய பாவம் காரணம் என்று ஆண்டவரிடம் கேட்டதை யோவான் 9-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவரோ அவன்மேலும் அவனைப் பெற்றவர்கள்மேலும் பழி சுமத்தவில்லை. ஆயினும் நம் காமயகவுண்டன்பட்டியில் அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. ஒரு குழந்தை குறையோடு பிறந்தால், கிரகணத்தில் வெளியே வந்தாளோ, ஆகாததைத் தின்றாளோ என்று தாயையே குற்றஞ்சாட்டுகிறோம். அந்தக் குறை சிறுநீர் வழியில் இருந்துவிட்டால், வெட்கமும் சேர்ந்து வாயை அடைத்துவிடுகிறது. ஆகவே அதைக் குறித்தே இவ்வாரம் எழுதுகிறேன்.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் பயிர் செய்யும் உங்களுக்கு மதகைப்பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மதகு அடைபட்டால் வாய்க்கால் நிரம்பித் தண்ணீர் பின்னோக்கி ஏறும், கரை அரிக்கும். சில ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாயில் ஒரு மெல்லிய சவ்வு கருவிலேயே உண்டாகி வழியை மறிக்கிறது. சிறுநீர்ப்பை தடித்துப்போகிறது, சிறுநீரகங்கள் வீங்கிப் பழுதடைகின்றன. கரு உருவாகும் தொடக்கக் காலத்திலேயே ஏற்படும் இக்குறைக்குத் தாய் உண்டதும் காரணமல்ல, கிரகணமும் காரணமல்ல.

ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே சிறுநீரக வீக்கம் தெரியக்கூடும். அப்படிச் சொன்னால் கலங்காதிருங்கள். லேசான வீக்கம் பல குழந்தைகளுக்குத் தானாகவே வடிந்துவிடும். ஆனால் மருத்துவர் குறித்த நாளில் மறுபடியும் காட்டத் தவறாதிருங்கள். ஆண் குழந்தை தாரையாகச் சிறுநீர் கழிக்காமல் சொட்டுச் சொட்டாகக் கழித்தாலும், முக்கினாலும், காரணம் தெரியாத காய்ச்சல் கண்டாலும், சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய் தடவி நாட்களைக் கடத்தாதிருங்கள். பல் முளைக்கிற காய்ச்சல் என்றும் விட்டுவிடாதிருங்கள். சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கம்பத்திலிருந்து தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை இராஜாஜி மருத்துவமனைக்கோ அனுப்பினால் அன்றே புறப்படுங்கள். முதலில் மெல்லிய குழாய் வைத்துச் சிறுநீரை வடிப்பார்கள்; பிறகு உடலின் மேல் கீறாமல், சிறுநீர்ப் பாதை வழியாகவே நுண்கருவியைச் செலுத்திச் சவ்வை அகற்றுவார்கள். அதன்பின்பும் பல ஆண்டுகள் சிறுநீரகத்தைக் கவனித்துவர வேண்டும்.

"போதகரே, ஜெபித்தால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். ஆண் மருத்துவர் தொடலாகாது என்ற வழக்கத்தால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டதைத் திண்டிவனத்தில் கண்டவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் ஜெபித்தார், ஜெபித்து எழுந்து மருத்துவம் படிக்கப் போனார். 1900-ஆம் ஆண்டு வேலூரில் அவர் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. வெட்கம் உயிரைக் குடிக்கும் என்பதை அந்த இரவு காட்டியது. நம்முடைய வீடுகளில் அது ஒரு சிசுவின் சிறுநீரகத்தைக் குடிக்க நாம் இடங்கொடுக்கலாமா?

இந்த வாரம் உங்கள் தெருவில் அப்படி ஒரு தாய் இருந்தால், காரணம் கேட்காதிருங்கள். துணைக்கு ஒருவராக மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். பேருந்தில் அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஜெபியுங்கள். கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.